சொல்லாமல் போக வழியில்லை

கணினி மையத்தில் மூன்றே பேர். திரைக்கு முன்னால் விண்ணப்பம் நிரப்பித் தரும் பெண், அவள் பக்கத்தில் அக்கா, சுவரோரம் நான். முன்பெல்லாம் விமானம் இறங்கிய இடத்திலேயே சுற்றுலா விசா கிடைத்துவிடும். இப்போது புறப்படும் முன்பே இணையத்தில் வாங்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து அக்காவின் மகள் போனில் பேசும்போதெல்லாம் மாப்பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறார்; "நல்லாயிருக்கேம்மா" என்பதைத் தாண்டி அவள் பேசுவதில்லை. "சொல்லாம போய் நின்னாத்தான்டா தம்பி, உண்மை தெரியும்" என்று முணுமுணுக்கிறாள் அக்கா. "எங்க தங்குவீங்கம்மா?" என்று கேட்கிறாள் திரைமுன் இருக்கும் பெண். "மக வீட்டுலதான்." "வீடு யார் பேர்ல இருக்கு?" "மாப்பிள்ளை பேர்ல." "அப்ப அவர் நம்பர் கட்டாயம் குடுக்கணும். விண்ணப்பம் அனுப்பின உடனே அவருக்குத் தகவல் போயிடும்." அக்காவின் விரல்கள் கைப்பை வாரை இறுக்குகின்றன. "நல்லதுதானேம்மா, ஏர்போர்ட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போவாரு!" பெண் சிரிக்கிறாள். திரையின் நீல வெளிச்சம் அக்காவின் முகத்தில் அசையாமல் கிடக்கிறது. மாப்பிள்ளையின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்கிறாள் அக்கா. பெண் பொத்தானை அழுத்துகிறாள். "போயிடுச்சும்மா."