ஞாயிற்றுக்கிழமைத் துக்கம்

டிவிக்குப் பின்னால் புதிதாகக் குடிவந்த பல்லிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "என்னண்ணே, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமா, விடிஞ்சதிலேர்ந்து வெறும் வீணையா வாசிச்சு அழுது வடியுறீங்க?" என்று டிவியைக் கேட்டது.

"டெல்லியில பெரிய தலைவர் ஒருத்தர் போயிட்டாரு. ஏழு நாள் துக்கம்."

பல்லி உச்சுக் கொட்டியது.

சாயங்காலம் வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். அறிவிப்பைக் கேட்டதும் பரிமளம் "ஐயோ, போச்சே!" என்று வயிற்றில் அடித்துக்கொண்டாள். அவள் புருஷன் தலையில் கைவைத்தான். பிள்ளைகள் தரையில் புரண்டு அழுதன.

"அடேயப்பா, தலைவர்மேல எவ்வளவு பாசம்!" என்றது பல்லி.

"தலைவராவது! இன்னிக்குப் படம் கிடையாதுன்னு சொன்னேன், அதுக்குத்தான்."

அதிர்ச்சியில் பல்லியின் வால் அறுந்து கீழே விழுந்து துடித்தது. பார்க்க வேறொன்றும் இல்லாத குடும்பம், கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தது.