நாலரை மணித் திருடன்

"சகோதரி, உங்க போனைப் பாருங்க! 'வண்டி நகர்கிறது'ன்னு சிவப்பா வருது. யாரோ உங்க பைக்கைத் திருடுறான்!"

லம்ஜத் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். சுரையா எழவில்லை. தன் கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். நாலரை.

"உட்காருங்க சார். இது எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கத்தானே வந்தீங்க?"

அதற்காகத்தான் அவர் துனீசியத் தலைநகர் தூனிஸிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருந்தார். இந்த ஸ்ஃபாக்ஸ் ஊரின் பழைய நகரத்தில் முன்பெல்லாம் வாரத்துக்கு இரண்டு பைக்காவது காணாமல் போகும். ரேடியோ பழுதுபார்க்கும் சுரையா, தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் செய்து சீட்டுக்கு அடியில் ஒளித்துவைக்க ஆரம்பித்த பிறகு, பதினாலு மாதமாக ஒரு வண்டிகூடத் தொலையவில்லை. பிடித்திருந்தால் தன் கம்பெனியிலேயே தயாரித்து நாடு முழுக்க விற்பதாக லம்ஜத் எண்ணியிருந்தார்.

சுரையா போனை அவர் பக்கம் திருப்பினாள். வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி அவள் வீட்டிலிருந்து ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஸ்டாண்டை எடுத்தப்பவே சென்சாருக்குத் தெரிஞ்சுடுச்சு. எனக்கு மட்டுமில்ல, தெருவுல இருக்கிற பதினோரு கடைக்கும் தகவல் போயிருக்கும்."

"அடேங்கப்பா! சரி, இன்ஜினை நிறுத்துங்க. இங்கிருந்தே நிறுத்தலாம்னு சொன்னீங்களே?"

"சட்டுனு நிறுத்தினா அவரு கீழே விழுந்துடுவாரு. வேகத்தைக் குறைச்சிருக்கேன். நடக்கிற வேகம்தான் போகும். பெரிய ரோட்டுக்கு முன்னாடி தானா நின்னுடும்."

"அவரா? திருட்டுப் பயலுக்கு என்னம்மா மரியாதை?"

போன் அடித்தது. ரொட்டிக் கடை ஹம்தியின் குரல் வெளியே கேட்டது.

"சுரையா, ஆளு என் கடையைத் தாண்டுறாரு. என்ன பண்ணட்டும்?"

"கூடவே நடந்து வாங்கண்ணே. எதுவும் கேட்காதீங்க."

லம்ஜத் போனை எட்டிப் பார்த்தார். "இந்த ஆளை முன்னாடியே தெரியுமா?"

"தினமும் இதே நேரம்தான் எடுப்பாரு."

"தினமுமா! பூட்டி வைக்கக் கூடாதா?"

"வச்சேன். பக்கத்து வீட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு. அதுல சென்சார் இல்ல. ஊரே சேர்ந்து பத்து மணி நேரம் தேடினோம். அதுக்கப்புறம்தான் ஒரு வண்டி விடாம எல்லாத்துலயும் மாட்டினேன்."

"ஒரே ஒரு திருடனுக்காகவா இவ்வளவும்? பேசாம போலீஸ்ல கொடுத்திருக்கலாமே!"

"அவங்களுக்கும் தெரியும். எதிர்ல பார்த்தா சல்யூட் அடிச்சு வழி விடுவாங்க."

புள்ளி நின்றுவிட்டது. சுரையா கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க சார், நேர்லயே பாருங்க."

தெரு முடிகிற இடத்தில், பெரிய சாலைக்குப் பத்தடி முன்னால், அந்த பைக் நின்றிருந்தது. ஹம்தி பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். தையல்காரர் போக்குவரத்துக்குக் குறுக்கே நின்று காற்று வாங்குவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார். எந்தச் சத்தமும் இல்லை, ஒருவரும் கை நீட்டவில்லை. பதினோரு கடைக்காரர்களை இப்படி ஒழுங்காகச் சேர்த்துவைத்த பெண்ணை லம்ஜத் வியப்போடு திரும்பிப் பார்த்தார். இந்த ஏற்பாட்டை எந்தத் தொழிற்சாலையிலும் செய்துவிட முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

வண்டிமேல் இருந்தவருக்கு எண்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட கோட்டு, சிவப்புத் தொப்பி. ஆக்ஸிலரேட்டரை வீணாகத் திருகிக்கொண்டிருந்தவர், லம்ஜத்தைப் பார்த்ததும் பதறினார்.

"தம்பி, நல்ல நேரத்துல வந்தே. கொஞ்சம் தள்ளிவிடேன். பள்ளிக்கூடம் விட்டாச்சு. என் பொண்ணு வாசல்ல தனியா நின்னுக்கிட்டிருப்பா. ஆறு வயசுதான் ஆகுது, பயந்துடுவா."

"பொண்ணு பேர் என்னங்க ஐயா?" என்றார் லம்ஜத்.

"சுரையா."

நரையோடிய முடியைத் தலைத்துணிக்குள் தள்ளிக்கொண்டு, சுரையா பின்சீட்டில் ஏறி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"வந்துட்டேன்ப்பா, வீட்டுக்குப் போகலாம்."