ஒரு ஆளைக் காட்டு

1938 ஆகஸ்ட், இலங்கையின் எல்கடுவ தேயிலைத் தோட்டம். லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த தொழிலாளி வீரமலைக்கு இரண்டு வருடமாகக் குடலில் புண். மலத்தோடு ரத்தம் போனது. வயிற்றில் துளையிட்டு மலத்துக்கு வேறு வழி வைத்தால்தான் குடல் ஆறும், ஆள் பிழைப்பான் என்றார் டாக்டர்.

"ஒத்துக்கங்க," என்று மனைவி அழகாயி கெஞ்சினாள்.

"வயித்துல பீ வழிய நடந்தா எவன்டி என் பக்கத்துல உக்காருவான்? லயமே மூக்கைப் பொத்தும்."

"நான் உக்காருவேன்."

"அப்படி வெட்டிக்கிட்டுப் பொழச்ச ஒரு ஆளைக் காட்டு. நாளைக்கே போறேன்."

அழகாயி செவனாண்டியைப் பார்த்தாள். கொழும்பிலிருந்து தனியாக வந்து லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் குடியேறியவன். தினமும் வீரமலையின் தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டும் கூட்டாளி.

"அண்ணே, நீங்க சொன்னா கேப்பாரு. ஏதாவது சொல்லுங்க."



"நான் என்னத்தைச் சொல்ல, தங்கச்சி?" என்று செவனாண்டி எழுந்து போனான்.

அடுத்த மாதம் வீரமலை இறந்தான்.

நாலு வருடம் கழித்துச் செவனாண்டி காய்ச்சலில் செத்தான். பிணத்தைக் குளிப்பாட்டியவர்கள், அடிவயிற்றில் இறுக்கிக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார்கள். உள்ளே ஒரு தகரக் கிண்ணம் இருந்தது. அதன் அடியில், டாக்டர் வெட்டி வைத்த துளை. சுற்றிலும் கொழும்பிலேயே ஆறிப்போன பழைய தழும்பு.