கட்டில் நிறையப் பூ

"நேத்து அவ என்ன பூ வாங்கிட்டுப் போனா?"

ராயா கேட்டது சக்களத்தி மோசாவைப் பற்றி. பூக்காரி கிடாவா முறத்தில் இருந்த மல்லிகையைப் புரட்டிக்கொண்டே சிரித்தாள்.

"ஒருத்தர் வாங்கினதை இன்னொருத்தர்கிட்ட சொல்லலாமாக்கா? அப்புறம் நீங்க வாங்குறதையும் அவங்ககிட்ட சொல்ல வேண்டி வரும்."

"சொல்லேன். எனக்கு என்ன மறைக்க இருக்கு?"

"அப்போ சரி. மல்லிகை, கூடவே ரோஜா."

"எவ்வளவு?"

"உங்களைவிடக் கொஞ்சம் அதிகம்."

சான்சிபார் கடைத்தெருவில் கிடாவாவின் வியாபாரம் இந்தக் 'கொஞ்சம் அதிக'த்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மோசாவிடமும் இதையேதான் சொல்லுவாள்.

ராயா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "என் முறை வர்ற ராத்திரியில மனுஷன் வர்றாரு, சாப்பிடுறாரு. நான் ஜன்னல்ல சிவப்பு ரோஜா வெச்சு, கட்டில்ல மல்லிகையைத் தூவிட்டுத் திரும்பினா, செருப்பை மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. துறைமுகத்துல கிராம்பு மூட்டை கிடக்குதாம், காவல் காக்கணுமாம். எனக்குத் தெரியாதா எங்க போறாருன்னு? அவ வீட்டுல அப்படி என்ன வாசனை இருக்கு, அதைச் சொல்லு."

"பூ பத்தலக்கா" என்றாள் கிடாவா. "வெறும் வெள்ளையும் சிவப்பும் இருந்தா வீடு சோகை பிடிச்ச மாதிரி இருக்கும். மஞ்சள் வேணும். இந்த லங்கிலங்கிப் பூவைத் தலையணை உறைக்குள்ள வைங்க. தாழம்பூவை அவர் துணி மடிப்புல சொருகுங்க. வாசல்ல நுழையும்போதே மூக்குல ஏறணும்."

"இந்த வயசுல லங்கிலங்கியா? நெஞ்சை அடைச்சிரப் போவுது."

மோசாதான். காலிக் கூடையோடு பின்னால் நின்றிருந்தாள்.

"வந்துட்டாளா மகராசி" என்றாள் ராயா. "ரெண்டு ராத்திரி உனக்கு, ரெண்டு ராத்திரி எனக்குன்னுதானே பேச்சு? என் ராத்திரியையும் சேர்த்துச் சுருட்டிக்கிட்டு வாயைப் பாரு."

"நான் சுருட்டுறேனா? என் வீட்டுல காபி ஆறுறதுக்குள்ள எழுந்து ஓடுறாரு. உங்க வீட்டுக்குத்தான் ஓடுறாருன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கேன்."

"என் வீட்டுக்கா? உன்கிட்ட என்ன சொல்லிட்டுப் போறாரு?"

"கிராம்பு மூட்டைக்குக் காவல்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவர் மக்காமேயைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர்கள் இருவருக்கும் ஒத்துப்போன முதல் விஷயம் அந்த மூட்டைதான்.

"அப்போ இன்னொருத்தி இருக்கா" என்றாள் மோசா மெதுவாக.

"பூ வாங்காமலா ஒருத்தி ஆம்பளையைப் பிடிச்சு வெச்சிருப்பா?" ராயா பூக்காரியின் பக்கம் திரும்பினாள். "கிடாவா, உன் கண்ணுல படாம இருக்காது. புதுசா எவளாவது அள்ளிக்கிட்டுப் போறாளா?"

"சத்தியமா இல்லக்கா. உங்க ரெண்டு பேர் அளவுக்கு இந்தக் கடையில யாரும் வாங்கினதே இல்ல."

"எந்தக் கடையில வாங்குறாளோ. இருக்கட்டும்" என்றாள் ராயா. "நம்ம ரெண்டு வீடும் மணக்கிற மணத்துல அவ வீட்டு வழியே அவருக்கு மறந்து போகணும். என்ன சொல்றே?"

"எனக்கும் அந்த மஞ்சள் பூவைப் போடு" என்றாள் மோசா.

கிடாவா கொசுறு போட்டு அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அன்று கேட்காமலேயே இருவர் கூடையிலும் இரண்டு கை லங்கிலங்கியை அள்ளிப் போட்டாள். சக்களத்திகள் இருவரும் சேர்ந்து நடந்து போனதைக் கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது.

இருட்டுவதற்கு முன்பே கிடாவா கடையைக் கட்டினாள். மிஞ்சிய மல்லிகையை அடுத்த கடைக்காரிக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்தாள். எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்தாள், முகர்ந்து பார்த்தாள், மறுபடியும் தேய்த்தாள். துவைத்த துணியை உடுத்திக்கொண்டு காபியை அடுப்பில் வைத்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

மூக்கும் கண்ணும் சிவந்து போய் நின்றிருந்தார் மக்காமே.

"மோசா வீட்டுக்குள்ள காலே வைக்க முடியல. தும்மித் தும்மி விலா நோவுது. இந்த ஊர்ல பூ வேணாம்னு சொன்னா பொண்டாட்டியே வேணாம்னு சொன்ன மாதிரி, வாயைத் திறக்க முடியுதா?" என்றபடி, ஊருக்குச் சொல்லாமல் நிக்காஹ் செய்துகொண்ட மூன்றாவது மனைவியின் கட்டிலில் சாய்ந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். "பூ வாசனையே இல்லாத வீடு இது ஒண்ணுதான், கிடாவா."