விநாடி முள்

சூதாட்ட உலகம் இதுவரை கண்டிராத மாபெரும் தத்துவம் ஒன்று, சாத்தூரில், ஒரு சாவு வீட்டுப் பந்தலின் கீழ், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

அந்த நாற்காலியில் இருந்தவர்தான் அதன் ஆசிரியர்.

ஆட்டம், மூணு சீட்டு. பந்தயத்தை ஏற்றினால் ஐந்து ரூபாய்.

மகன் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை தனுஷ்கோடியை எடுக்க முடியாது. அதுவரை பந்தலில் ஆண்கள் சீட்டு ஆடுவார்கள். வழக்கம்.

ஞாயிறு தவறாமல் பத்து வருடம் அவரோடு இருவர் மட்டுமாக ஆடியவன். இப்போது உள்ளே, கண்ணாடிப் பெட்டிக்குள்.

தத்துவம் இதுதான். நல்ல சீட்டுக்கு மட்டும் ஏற்றுகிறவனை எவனும் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே வெறும் சீட்டுக்கும் சில தடவை ஏற்ற வேண்டும். எந்தத் தடவை என்பது தனக்கே தெரியக் கூடாது.

அதனால் வெறும் சீட்டு வந்தால் வாட்சைப் பார்ப்பார். விநாடி முள் மூன்றைத் தாண்டாமல் இருந்தால் ஏற்றுவார். தாண்டியிருந்தால் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவார்.

மனிதனுக்குச் சபலம் உண்டு. முள்ளுக்குக் கிடையாது.

மற்றவர்கள் இந்த மேதைமைக்கு மரியாதை தந்ததே இல்லை. அஞ்சு ரூபாதானே என்று கடைசிவரை கூடவே வருவார்கள்.

தனுஷ்கோடி ஒருவன்தான் யோசிப்பான். தாடையைச் சொறிவான். பெருமூச்சு விடுவான். கவிழ்த்துவிடுவான்.

ஜெயித்த ஞாயிறுகளில், திரும்பும் வழியெல்லாம் அவர் தத்துவத்தை விளக்கிக்கொண்டே நடப்பார். அவன் தலையாட்டிக்கொண்டே வருவான்.

தோற்ற ஞாயிறுகளில் இருவரும் சும்மா நடப்பார்கள்.

அவர் பேச்சைக் கேட்க வீட்டில் ஆள் கிடையாது.

இன்று அவருக்குத் தேவை ஒன்றுதான். யாராவது ஒருவர் யோசித்து, சீட்டைக் கவிழ்க்க வேண்டும்.

கையில் இரண்டு, ஐந்து, ஒன்பது. ஒன்றுக்கொன்று ஒட்டுமில்லை, உறவுமில்லை.

வாட்சைப் பார்த்தார். முள் ஒன்றில் இருந்தது.

ஏற்றினார்.

"நானும் அஞ்சு," என்றான் பூமிநாதன், தனுஷ்கோடியின் தம்பி. "கையில ஒண்ணுமில்லதானண்ணே? வாச்சப் பாத்துட்டீங்கல்ல."

பக்கத்து நாற்காலி சிரித்தது. பிறகு இடம் நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டது.

"யாருடா சொன்னா?"

"அண்ணந்தான். நல்ல சீட்டு வந்தா நீங்க வாச்சுப் பக்கமே திரும்ப மாட்டீகளாம். தெருவுக்கே தெரியும்ணே."

இந்த ஓர் ஓட்டையை ஆசிரியர் கவனிக்கவில்லை. பத்து வருடமாக.

"தெரிஞ்சுமா அவன் சீட்டக் கவுத்தான்?"

பூமிநாதன் தன் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"நானும் கேட்டேன். 'ஜெயிச்சாத்தான்டா அவன் வீடு வரைக்கும் பேசிக்கிட்டே வருவான்'னாரு."

தெருமுனையில் கார் திரும்பியது. மகன் வந்துவிட்டான்.

உள்ளே அழுகை ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. கொஞ்ச நேரத்தில் சங்கு ஊதினார்கள்.

நாற்காலியில் போட்டது போட்டபடி சீட்டுக்கட்டு கிடந்தது. எல்லோரும் எழுந்தார்கள்.

அவர் எழவில்லை.

தனுஷ்கோடியை வெளியே கொண்டுவந்தார்கள். தோள் கொடுக்க வரச் சொல்லி யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

அவர் வாட்சைப் பார்த்தார்.