கீழ்த்தட்டில் யார் பெயர்?

புது ஃப்ரிட்ஜ் வந்தபின் அதை அடுக்குகிற வேலை ரிதன்யாவுக்கு இல்லை. வீட்டில் யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துப் பழகி, அதுவே பாத்திரங்களை இடம் மாற்றி, ஒவ்வொரு தட்டிலும் பெயரைக் காட்டியது. மேல்தட்டில் கணவன் நிதிலன், அடுத்து மகன் அகரன், அதற்கும் கீழே மகள் இதழினி. நேற்றைய ரசமும் மிச்சத் தோசையும் இருக்கும் கடைசித் தட்டில் ரிதன்யா.

“சரியாத்தான் வச்சிருக்கு” என்று அவளே சொன்னாள்.

ஆபீஸ் பயிற்சிக்காக அவள் கோவைக்குப் போன மறுநாள் காலை, நிதிலன் ஃப்ரிட்ஜைத் திறந்தான். கீழ்த்தட்டில் பழைய சாம்பார் இருந்தது. பெயர் மட்டும் இதழினி என்று மாறியிருந்தது. அவளுக்குப் பதினொரு வயது.

கதவைச் சாத்திவிட்டு வராந்தாவுக்குப் போய் மனைவியை அழைத்தான்.

“ஃப்ரிட்ஜ் ஏதோ தப்பா காட்டுது.”

“என்ன காட்டுது?”

சொன்னான்.

“தப்பில்லங்க. நம்மளப் பார்த்துத்தான கத்துக்கிச்சு. அந்த சாம்பார நீங்க எடுத்துச் சாப்பிடுங்க.”

அவன் உள்ளே வந்தபோது கீழ்த்தட்டு காலியாக இருந்தது. பழைய சாம்பாரைத் தனக்குச் சூடாக்கி வைத்துவிட்டு, இதழினி அண்ணனுக்குப் புதுச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள்.