ஆரத்திக்கு வந்தவர்

புதிய முதலமைச்சர் ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்பதைப் பார்த்ததும் ருக்மணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேர்தல் சமயத்தில் இதே வாசலில் அவள்தான் அவருக்கு ஆரத்தி எடுத்தாள். அவர் குனிந்து நெற்றியைக் காட்டினார். பொட்டு வைத்ததும் தட்டில் ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள் விழுந்தது. இன்று, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த அந்தச் சிவப்புத் தண்ணீரை அவர் அவளுக்கு மூன்று சுற்று சுற்றினார். சுற்றி முடித்த பிறகும் நகரவில்லை. வெற்றிலையின் மேல் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"வரியே போட மாட்டேன்னு சொன்னீங்களேய்யா?"

"வரி எங்கக்கா போட்டேன்? ஆரத்திதானே எடுக்கிறேன்."

பின்னால் நின்ற நிதித்துறை அதிகாரி, கஜானாவில் ஒன்றுமில்லை என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ருக்மணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப நாங்க இத்தனை வருஷமா கட்டுனதெல்லாம் எங்கதான்யா போச்சு?"

முதலமைச்சருக்குக் கோபம் வரவில்லை. கூடப்பிறந்த அக்காவிடம் பேசுவதுபோலத்தான் சொன்னார்.

"உங்க தட்டுல போடுறதுக்கு எனக்குக் கடன் குடுத்தவங்க, ஜெயிச்ச மறுநாளே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்கக்கா."

கற்பூரம் அணையப் பார்த்தது. ஆரத்தி எடுத்தவரை வெறுந்தட்டோடு அனுப்பும் வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது. சிலிண்டருக்கு வைத்திருந்த பணத்தை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து அவள் தட்டில் போட்டாள். அவர் விரலைச் சிவப்பில் தொட்டு உயர்த்தினார்.

யாரும் சொல்லாமலே ருக்மணி குனிந்தாள். அன்று அவர் குனிந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.